எத்தனை தொட்டி, எத்தனை வாசல்?

(சமவெளியில் ஒரு மிருகக்காட்சிசாலையில் கீப்பராகச் சேர்ந்து, மேற்பார்வையாளராக 31 ஆண்டுகள் முடித்து, இப்போது கோத்தகிரிக்குப் பக்கத்தில் சொந்த ஹட்டியில் (படகர் ஊர்) இருக்கிறார் நம் பதிலாளர். ‘எதை எதோடு சேர்த்து வைக்கலாம்’ என்று வந்த கடிதங்களை மட்டும் இந்த மாதம் எடுத்துக்கொண்டிருக்கிறார்.)

பள்ளிப் பிள்ளைகளை மிருகக்காட்சிசாலைக்குக் கூட்டிப் போயிருந்தேன். புள்ளிமானும் வெளிமானும் நீலானும் (நீல்காய்) ஒரே வேலிக்குள் மேய்ந்தன. ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன், “இதுக்குள்ள நம்ம வரையாட்டையும் விட்டா என்ன சார்?” என்றான். எனக்குப் பதில் தெரியவில்லை. யாரோடு யார் சேருவார்கள் என்று எதை வைத்து முடிவு செய்கிறார்கள்?
— ஓர் ஆசிரியர், குன்னூர்

முதலில் பையனுக்குச் சொல்லிவிடுகிறேன். நம் நீலகிரியில் முக்குர்த்திப் பக்கத்து வரையாடு 7,000 அடிக்கு மேலே, குளிரிலும் பாறையிலும் வாழ்கிற மிருகம். பாறையில் ஏறி இறங்குவதில்தான் அதன் குளம்பு தேயும். மெத்து மெத்தென்ற மண்ணில் விட்டால் குளம்பு வளர்ந்துகொண்டே போய், பிளந்து, நொண்ட ஆரம்பித்துவிடும். சமவெளி வெயில் வேறு. ஆட்டு இனம் என்பதால் ஆட்டுக்கு வருகிற நோய்களும் எட்டிப் பார்க்கும். மானோடு சண்டை போடுமா என்ற கேள்விக்கு வருவதற்கு முன்பே இத்தனை இருக்கிறது.

இனி உங்கள் கேள்வி. இதற்கு நான் படித்துத் தெரிந்துகொண்டதைவிட, ஏமாந்து தெரிந்துகொண்டதுதான் அதிகம்.

நான் வேலைக்குச் சேர்ந்து நாலாவது வருடம். எட்டு வெளிமான், மூன்று நீலான், ஒரே அடைப்பு. இடம் தாராளம், ஏழெட்டு ஏக்கர் இருக்கும். வருகிறவர்கள் எல்லாம் “காடு மாதிரியே இருக்கே” என்பார்கள். தீவனத் தொட்டி மட்டும் ஒன்றே ஒன்று. வண்டி வந்து கொட்டிவிட்டுப் போக வசதியாக, வாசலை ஒட்டிய மூலையில் சிமெண்டில் கட்டியிருந்தார்கள். சண்டை ஒன்றும் இல்லை. நானும் தினமும் பதிவேட்டில் ‘நலம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். ஒருநாள் காலை வெயில் பக்கவாட்டில் விழும் நேரம், பெண் வெளிமான் ஒன்று திரும்பி நின்றது. இடுப்பெலும்பு இரண்டும் சட்டை மாட்டுகிற ஆணி மாதிரி துருத்திக்கொண்டிருந்தன. அடுத்ததைப் பார்த்தேன், அதற்கும் அப்படியே.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகாமல் ஒரு புங்க மரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன். தீவனம் கொட்டியதும் ஆண் நீலான் வந்து தொட்டிக்கு முன்னால் நின்றது. சாப்பிடக்கூட இல்லை, சும்மா நின்றது. காதை மட்டும் ஒரு தடவை பின்னால் மடித்தது. வெளிமான்கள் முப்பது அடி தள்ளி நின்று கொஞ்ச நேரம் பார்த்தன. அப்புறம் ஒவ்வொன்றாகத் திரும்பிக் காய்ந்த புல் பக்கம் போய்விட்டன. முட்டலும் இல்லை, துரத்தலும் இல்லை. எத்தனை நாளாக இது நடந்துகொண்டிருந்ததோ! என் ‘நலம்’ அத்தனையும் பொய்.

சரிசெய்தது நான் இல்லை. எனக்கு மூத்த கீப்பர் அண்ணன் ஒருவர், எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். வந்து பார்த்துவிட்டு, சவுக்குக் கம்பு கேட்டார். ஒன்றுக்கொன்று கண்ணில் படாத தூரத்தில் ஐந்து தொட்டி வைத்தார். அதில் இரண்டைச் சுற்றி, தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் குறுக்குக் கம்பு கட்டினார். ஆண் நீலானின் தோள் நாலடிக்கு மேலே இருக்கும், அது நுழைய முடியாது. வெளிமானுக்குத் தோள் இரண்டரை அடி. பெண்களும் குட்டிகளும் அன்றைக்கே உள்ளே போய்விட்டன. முறுக்குக் கொம்பு வைத்த ஆண் மட்டும் இரண்டு நாள் வெளியே முறைத்துக்கொண்டு நின்றது. மூன்றாம் நாள் மூக்கைத் தூக்கி, கொம்பை முதுகோடு சாய்த்து நுழையக் கற்றுக்கொண்டது. ஒரு மாதத்தில் ஆணி எல்லாம் சதைக்குள் போய்விட்டது.

அதிலிருந்து, “இதுவும் அதுவும் சேருமா?” என்று யார் வந்து கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது இதுதான்: எத்தனை தொட்டி, எத்தனை வாசல்?

வாசல் என்றால் இரவுக் கொட்டகை வாசல். ஒரே வாசல் உள்ள கொட்டகை, பலசாலிக்கு வீடு, இளைத்தவனுக்குப் பொறி. உள்ளே மாட்டிக்கொண்டால் வெளியே வர வழி இல்லை. அதனால் எதிரெதிரே இரண்டு வாசல் வேண்டும். வேலியின் மூலைகளையும் விட்டுவைக்கக் கூடாது. துரத்தப்படுகிற மான் மூலைக்குப் போனால் முடிந்தது. நாலு கம்பு நட்டு மூலையை வளைவாக்கிவிட்டால் அது ஓடிச் சுற்றிக்கொண்டு வெளியே வந்துவிடும்.

அப்புறம் பிரசவம். மற்ற நாளெல்லாம் சமாதானமாக இருக்கும் அடைப்பு, குட்டி விழுந்த அன்றைக்குத்தான் தன் குணத்தைக் காட்டும். புள்ளிமானும் வெளிமானும் குட்டியைப் புல்லில் படுக்க வைத்துவிட்டு மேயப் போகும். குட்டி அசையாமல் கிடக்கும். புல்லே இல்லாத மொட்டைத் தரையில் அது எங்கே போய் ஒளியும்? வரிக்குதிரை இருக்கிற அடைப்பில் இது இன்னும் மோசம். பெரிய மான்களோடு ஒழுங்காக இருக்கிற ஆண் வரிக்குதிரை, புதிதாகப் பிறந்த குட்டியைக் கண்டால் கடித்து உதறிக் கொன்றுவிடும். உலகம் முழுக்க மிருகக்காட்சிசாலைக்காரர்கள் பட்டுத் தெரிந்துகொண்ட விஷயம் இது. எங்கள் வீட்டில் எருமை, பசு, ஆடு எல்லாம் ஒரே தொழுவம்தான். எருமை கன்று போடும் நாள் நெருங்கினால் அம்மா ஒரு மூலையில் சாக்குப் பையைப் பிரித்துத் திரை கட்டிவிடுவார். யாரும் அவருக்குப் பாடம் நடத்தவில்லை.

புதிதாக வருவதை 30 நாளாவது தனியாக வைத்து நோய் பார்க்க வேண்டும். பிறகு கம்பி வலைக்கு இருபுறமும் வைத்து முகம் பழக்க வேண்டும். திறந்துவிடும்போது பயந்த சுபாவம் உள்ளதைத்தான் முதலில் விட வேண்டும். இடம் அதற்குப் பழகட்டும், எந்தப் புதர், எந்த மறைவு என்று தெரிந்துகொள்ளட்டும். பெரியது கடைசியில் வரட்டும். மாற்றிச் செய்தால் பெரியது மொத்த இடத்தையும் தன் பெயருக்குப் பத்திரம் எழுதிக்கொள்ளும்.

இத்தனையும் செய்த பிறகும் ஒன்று பாக்கி இருக்கிறது. ‘புள்ளிமான் சாது’ என்று இனத்தை வைத்துச் சொல்வது பாதிதான் உண்மை. என் வலது தொடையில் ஒரு தழும்பு இருக்கிறது, புலி போட்டது இல்லை. நாங்களே பாட்டிலில் பால் கொடுத்து வளர்த்த ஆண் புள்ளிமான் போட்டது. காட்டு மானுக்கு மனிதனைக் கண்டால் பயம். இதற்கு நான் இன்னோர் ஆண் மான், அவ்வளவுதான். கொம்பை மூடியிருக்கும் வெல்வெட் தோல் உரிந்த வாரம், வாளியைக் கீழே வைக்கக்கூட அது நேரம் தரவில்லை. இப்படி ஆளோடு வளர்ந்ததைக் கலப்பு அடைப்பில் விடவே கூடாது.

சிங்கத்தையும் புலியையும் ஒன்றாக வைத்தால் கூட்டம் அள்ளுமே?
— ஒரு வாசகர், உதகை

கூட்டம் அள்ளும். அதற்காகத்தான் ஒரு காலத்தில் வைத்தார்கள், கலப்புக் குட்டியும் எடுத்தார்கள். இப்போது நம் நாட்டு விதிப்படி இனக்கலப்புக்கு இடமில்லை. சிங்கத்தையும் வரிக்குதிரையையும் ஒரே பார்வையில் காட்ட வேண்டும் என்றால் அதற்கு வேறு வித்தை இருக்கிறது. ஜெர்மனியில் ஹம்பர்க் பக்கம் கார்ல் ஹாகன்பெக் என்பவர் 1907-ல் திறந்த பூங்காவில் அதைச் செய்து காட்டினார். நடுவில் அகழி வெட்டி, அது கண்ணுக்குத் தெரியாதபடி மேடு வைத்தார். பார்க்கிறவனுக்கு எல்லாம் ஒரே வெளி, மிருகத்துக்குத் தனித்தனி வீடு. வண்டலூரில் நீங்கள் கம்பி இல்லாமல் சிங்கத்தைப் பார்க்கிறீர்களே, அந்த அகழிக்கும் மூலம் அந்த மனிதர்தான்.

நான் அடிக்கடி முதுமலை வழியாகப் போகிறவன். மந்தி மரத்தில் இருக்க, அடியில் புள்ளிமான் மேய்கிறது. காட்டெருமை, யானை, கடமான் எல்லாம் ஒரே தண்ணீரில் குடிக்கின்றன. காடு சேர்த்து வைத்திருப்பதை மிருகக்காட்சிசாலையில் ஏன் பிரிக்க வேண்டும்?
— லாரி ஓட்டுநர், கூடலூர்

ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே நன்றாகக் கவனித்திருக்கிறீர்கள். மந்திக்கும் மானுக்கும் அங்கே ஒரு கொடுக்கல் வாங்கல் இருக்கிறது. மந்தி சாப்பிடுவதைவிட உதறிப் போடுவது அதிகம். இளந்தளிர், பழம், பூ எல்லாம் கீழே விழும், மானுக்கு அது பந்தி. மேலே இருப்பவனுக்குக் கண் கூர்மை, கீழே இருப்பவனுக்கு மூக்கு கூர்மை. யார் முதலில் சிறுத்தையைக் கண்டாலும் குரல் கொடுப்பார், இருவரும் தப்பிப்பார்கள்.

ஆனால் தண்ணீரில் அவை ‘சேர்ந்து’ குடிப்பதாக நீங்கள் பார்த்ததை இன்னொரு தடவை வண்டியை நிறுத்திப் பாருங்கள் (நிறுத்த அனுமதி உள்ள இடத்தில்தான்!). யானை வந்தால் கடமான் பின்வாங்கும், அரை மணி கழித்து வரும். காட்டில் ஒத்துப்போவது என்பதில் பாதி, விலகிப் போவதுதான். விலக இடம் இருக்கிறது, வேலி இல்லை. நாம் வேலி போட்டுவிட்டால் விலகுவதற்கான வசதியையும் நாமே கட்டித் தர வேண்டும். மேலே சொன்ன சவுக்குக் கம்பு அதுதான்.

இன்னொன்று. சண்டையே இல்லாமல் ஒன்று தோற்பதும் உண்டு. சென்னையில் கிண்டி தேசியப் பூங்கா, மூன்று சதுர கிலோமீட்டர்கூட இல்லை. அங்கே வெளிமானும் புள்ளிமானும் இருக்கின்றன. ஒன்றை ஒன்று முட்டிக்கொல்வதில்லை. ஆனால் வெளிமானுக்கு வேண்டியது குட்டைப் புல் உள்ள திறந்த வெளி. புதர் ஏற ஏற அந்த வெளி சுருங்கும், வெளிமானும் ஒதுங்கும். புள்ளிமானுக்குப் புதரும் சரி, வெளியும் சரி, எதிலும் பிழைத்துக்கொள்ளும். வெளியிலிருந்து பார்த்தால் ‘எல்லாம் ஒற்றுமையாக’ இருப்பதாகத்தான் தெரியும்.

வெளிநாட்டில் உராங்குட்டானும் நீர்நாயும் ஒன்றாக விளையாடும் வீடியோ பார்த்தேன். உண்மையா, ஜோடனையா?
— கல்லூரி மாணவி, கொடைக்கானல்

உண்மைதான் அம்மா. பெல்ஜியத்தில் பைரி டைசா என்ற இடம். உராங்குட்டான் இருக்கும் தீவைச் சுற்றி ஓடும் தண்ணீரில் நீர்நாய்களை விட்டார்கள். சேர்ந்ததற்குக் காரணம் எளிது. உராங்குட்டான் நீந்தாது, அதன் உலகம் கயிறும் மரமும். நீர்நாயின் உலகம் ஓடையும் கரையும். சண்டை வந்தால் ஒருவர் மேலே, ஒருவர் தண்ணீருக்குள். அதாவது ஆளுக்கு ஒரு வாசல். குட்டி உராங்குட்டானுக்கு நாள் முழுக்கப் பொழுதும் போகிறது, அறிவுள்ள மிருகத்துக்குச் சோறு மாதிரி அதுவும் வேண்டும்.

அந்த நீர்நாய் ஏதோ வெளிநாட்டுச் சரக்கு என்று நினைத்துவிடாதீர்கள். ஆசியச் சிறுநக நீர்நாய் உங்கள் பழனி மலை ஓடைகளிலும் எங்கள் நீலகிரி ஓடைகளிலும் நண்டு பிடித்துத் தின்கிற அதே இனம். விடியற்காலையில் ஓடைக்கல் மேல் நண்டு ஓட்டுத் துணுக்கு நிறைந்த எச்சம் கிடந்தால் அது வந்து போயிருக்கக்கூடும். ஆனால் இதே நீர்நாயை வாத்து இருக்கும் குளத்தில் விட்டுப் பாருங்கள், மறுநாள் இறகுதான் மிஞ்சும்.

எனக்குப் பிடித்தது இன்னொரு ஜோடி. சூரிச் மிருகக்காட்சிசாலையில் ஜெலடா என்ற எத்தியோப்பிய மலைக்குரங்கையும் ஐபெக்ஸ் என்ற மலை ஆட்டையும் பாறைச் சரிவில் ஒன்றாக விட்டிருக்கிறார்கள். ஜெலடா புல் தின்கிற குரங்கு, உட்கார்ந்த இடத்திலேயே நகர்ந்து நகர்ந்து பறித்துத் தின்னும். அதைப் பற்றிப் படித்தபோது எனக்கு நம்மூர் ஜோடிதான் நினைவுக்கு வந்தது: மேலே புல்வெளியில் வரையாடு, பள்ளத்துச் சோலையில் கருமந்தி. யாராவது கட்டினால் என்ன என்று ஒருகாலத்தில் ஆசைப்பட்டேன். அப்புறம் முக்குர்த்தியே இருக்கும்போது சிமெண்டில் எதற்கு என்று விட்டுவிட்டேன். அதுவும் போக, சண்டையே போடாமல் எல்லா மிருகமும் ஒரே கூரைக்குள் நிற்பதைப் பார்க்க வேண்டும் என்றால் உங்கள் ஊர் செண்பகனூர் அருங்காட்சியகம் இருக்கிறது. எல்லாம் பாடம் செய்தவை.

குரங்குகளை எல்லாம் ஒரே பெரிய கூண்டில் விட்டால் இடம் மிச்சமாகாதா?
— ஒரு வாசகர், பண்ணைக்காடு

ஆகாது. சிங்கவால் குரங்கும் நாட்டுக்குரங்கும் நெருங்கிய சொந்தம், கலந்து குட்டி போட்டுவிடும். அபூர்வ இனத்தின் ரத்தம் அதோடு கெட்டது. தூரத்துச் சொந்தம் என்றால் நோய். தென்னமெரிக்க அணில்குரங்கு ஒரு வைரஸைச் சுமந்துகொண்டு சௌக்கியமாக இருக்கும். அதுவே மார்மொசெட் என்ற குட்டிக் குரங்குக்குப் போனால் புற்றுநோயாகிக் கொன்றுவிடும். மனிதனின் உதட்டில் வரும் அக்கிக் கொப்புளம்கூட மார்மொசெட்டுக்கு எமன். உதட்டில் கொப்புளத்தோடு வேலைக்கு வந்த பையனை நானே வீட்டுக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். “லீவு கொடுக்க மாட்டேன்னீங்க, இப்ப குரங்குக்காகக் கொடுக்கறீங்களே சார்” என்றான்.

நீலகிரிச் செம்மறி வைத்திருக்கிறேன், இரண்டு கறவை மாடும் உண்டு. மாலையில் காட்டெருமைகள் என் மேய்ச்சலுக்கு வந்துவிடுகின்றன. ஆடு, மாடு, காட்டெருமை மூன்றும் ஒரே இடத்தில் மேய்ந்தால் ஆபத்தா?
— ஒரு விவசாயி, சாண்டிநல்லா அருகில்

உங்களிடம் இருப்பது நீங்கள் கட்டாத கலப்பு அடைப்பு. இதை எழுதும்போது எனக்குக் கீழே தேயிலைக்குள்ளும் ஒன்று நிற்கிறது, தூக்கிய தலையும் வெள்ளைக் காலுறையுமாக. நமக்கு ஆபத்து கொம்பு. அதற்கு ஆபத்து நம் மாட்டு நோய். 1968-ல் வெக்கை நோய் வந்தபோது முதுமலை, பந்திப்பூர்ப் பக்கம் காட்டெருமைகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. அந்த நோயை 2011-ல் உலகத்திலிருந்தே ஒழித்துவிட்டதாக அறிவித்தாகிவிட்டது. கோமாரி இன்னும் இருக்கிறது. உங்கள் இரண்டு மாட்டுக்கும் கோமாரி ஊசி தவறக் கூடாது. அது உங்கள் பாலுக்கும் காப்பு, காட்டுக்கும் காப்பு.

செம்மறியில் இன்னொரு வில்லங்கம் உண்டு. அதன் உடம்பில் ஒரு வைரஸ் சத்தமில்லாமல் குடியிருக்கும், ஆட்டுக்கு ஒன்றும் செய்யாது. மான் இனங்களுக்கும் காட்டு மாட்டினங்களுக்கும் தொற்றினால் கண் வெண்மையாகி, மூக்கு ஒழுகி, காய்ச்சலில் போய்விடும். ஆப்பிரிக்காவின் வில்டபீஸ்ட் என்ற மான் இதே வேலையை அங்குள்ள மாடுகளுக்குச் செய்கிறது. குழந்தைகள் தொட்டுப் பார்க்கட்டும் என்று கடமான் அடைப்பை ஒட்டிச் செம்மறிப் பட்டி போட ஒருமுறை மேலிடத்திலிருந்து யோசனை வந்தது. நான் வேண்டாம் என்று எழுதியதற்கு ‘ஒத்துழைக்காதவர்’ என்று பெயர் கிடைத்தது, பட்டி வரவில்லை.

நீங்கள் செய்யக்கூடியது: உப்புக்கட்டியும் தண்ணீர்த் தொட்டியும் கொட்டகைக்குள் இருக்கட்டும். வெளியே தொங்கும் உப்புக்கட்டி காட்டெருமைக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பது மாதிரி. கிடாய்களோடும் ஈன்ற ஆடுகளோடும் இருட்டும் முன் பட்டிக்குத் திரும்பிவிடுங்கள். மாட்டுக்கு வாங்கும் தாது உப்புக் கலவையைச் செம்மறிக்குப் போடாதீர்கள். மாட்டுக்குத் தேவையான தாமிரம் செம்மறியின் ஈரலில் சேர்ந்து சேர்ந்து ஒருநாள் திடீரென்று விஷமாகும்.

ஹோம்ஸ்டே நடத்துகிறோம். விருந்தினர் பிள்ளைகளுக்காக இருபதுக்கு முப்பது அடியில் வலை அடித்து நாட்டுக்கோழி, கினிக்கோழி, நாலு வான்கோழி விட்டிருக்கிறோம். இரண்டு மாதத்தில் மூன்று வான்கோழி செத்துவிட்டது, கோழிகள் நன்றாகவே இருக்கின்றன. இனி மயில், லவ் பேர்ட்ஸ், முயல், கினிப்பன்றி எல்லாம் சேர்க்க ஆசை. படம் அனுப்பியிருக்கிறேன்.
— ஒரு வாசகி, கோத்தகிரி

பக்கத்து ஊர்தான், நேரிலேயே வந்திருக்கலாம். செத்த வான்கோழி சாவதற்கு முன் கந்தக மஞ்சளாகக் கழிந்ததா? ஈரலில் வட்ட வட்டமாகப் புண் இருந்ததா? இருந்தால் அது ‘பிளாக்ஹெட்’ என்பார்களே, அதுதான். பெயரைப் பார்த்துத் தலையைத் தேடாதீர்கள், தலை கறுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. கோழியின் குடலில் ஒரு சின்னப் புழு, அந்தப் புழுவின் முட்டைக்குள் இந்தக் கிருமி ஒளிந்திருக்கும். கோழிக்கு ஒன்றும் ஆகாது, எச்சத்தோடு மண்ணில் போட்டுக்கொண்டே இருக்கும். மண்புழு அதைத் தின்னும், வான்கோழி மண்புழுவைத் தின்னும். ஐப்பசி மழையில் நம் கோத்தகிரி மண்ணில் மண்புழுவுக்குப் பஞ்சமா? அந்த முட்டை மண்ணில் வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கும். அதனால் மிச்சம் இருக்கும் ஒன்றை இன்றைக்கே கோழி நடமாடாத புது மண்ணுக்கு மாற்றி, கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். கோழி இருந்த இடத்தில் இனி வான்கோழி வேண்டாம்.

மயில்? அதற்கும் இதே நோய் வரும். அதற்கு முன், தேசியப் பறவையை வீட்டில் அடைத்தால் வனத்துறை வந்துவிடும். பச்சைக்கிளி, சில்லைக் குருவி, நட்சத்திர ஆமை எதுவும் கூடாது, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம்.

லவ் பேர்ட்ஸ் என்று கடைக்காரர் கொடுப்பது பெரும்பாலும் பட்ஜி என்ற ஆஸ்திரேலியச் சின்னக் கிளிதான். உண்மையான லவ் பேர்டை அவர் ‘ஆப்பிரிக்கன்’ என்று தனி விலை சொல்லி விற்பார். இரண்டையும் ஒரே கூண்டில் போடாதீர்கள், ஆப்பிரிக்கன் பட்ஜியின் கால்விரலைக் கடித்துத் துண்டாக்கிவிடும். முயலையும் கினிப்பன்றியையும் பிரியுங்கள். முயலின் மூக்கில் சாதாரணமாக இருக்கும் ஒரு கிருமி கினிப்பன்றிக்கு நிமோனியாவாகும். தவிர, முயலின் பின்னங்கால் உதை சின்னதற்குத் தாங்காது.

சரி, எல்லாவற்றுக்கும் ‘வேண்டாம்’ சொல்லிவிட்டேன். செய்யக்கூடியதையும் சொல்கிறேன். நாட்டுக்கோழியும் கினிக்கோழியும் பெரும்பாலும் ஒத்துப்போகும். கினிக்கோழிக்கு உயரத்தில் தனிக் கம்பு கொடுங்கள், இரவில் அது மேலே ஏற வேண்டும். கினிச் சேவல்கள் அதிகம் இருந்தால் குறையுங்கள், கோழிச் சேவலை ஓட ஓட விரட்டும். பட்ஜிகளுக்கு மழை அடிக்காத பக்கம் தனி வலை, தரையிலிருந்து இடுப்பு உயரத்தில். பிள்ளைகளுக்கு முகத்துக்கு நேரே தெரியும், கோழி எச்சமும் எட்டாது.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நீலப் பிளாஸ்டிக் தொட்டி ஒன்று, தகரக் கதவு ஒன்று. கதவுக்குப் பக்கத்திலேயே தொட்டி. தொட்டிக்குப் பக்கத்திலேயே உங்கள் பெரிய சேவல். பின்பக்கம் இன்னொரு கதவு வைத்துவிட்டு, தொட்டியை நாலாக்கிவிட்டு மறுபடி ஒரு படம் அனுப்புங்கள்.